நர்சம்மா கடந்த தெரு

அந்தக் கறுப்புக் கண்ணாடியின் உள்பட்டையில் எப்போதும் விபூதி ஒட்டியிருக்கும். நர்சம்மாவின் நெற்றி விபூதி. துடைத்துத் துடைத்து எனக்குச் சலித்துப்போகும். வைக்காமல் வாருங்கள் என்று சொல்லவும் வாய் வராது. 2009 வாக்கில், தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கவனமும் நினைவும் திரும்பப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தேன். கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்தது. மாட்டிக்கொண்டால் கண்முன் ஒரு தெரு விரியும். தலையைத் திருப்பினால் தெருவும் திரும்பும், கையிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் நடக்கலாம். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

நர்சம்மா மேகமலை எஸ்டேட்டில் முப்பது வருடம் பிரசவம் பார்த்தவர். ஓய்வுபெற்றபின் பழனிசெட்டிபட்டியில் தனியாக இருந்தார். பக்கவாதம் வந்ததும் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது. தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே கிடக்கும். நான்கு மாதப் பயிற்சியில் தட்டு காலியாகத் தொடங்கியது. கடைசியாக இருந்தது கண்ணாடிக்குள் தெருவைக் கடக்கும் பரீட்சை. அதில் தேறினால் சொந்த வீட்டிலேயே இருக்கலாம், இல்லையென்றால் சென்னைக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று மகன் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு முறையும் நர்சம்மா வலப்பக்கம் பார்த்துவிட்டு இறங்கினார். ஒவ்வொரு முறையும் இடப்பக்கமிருந்து கார் வந்து மோதியது.

"வண்டி வலது பக்கமிருந்துதான பாப்பா வரணும், இதென்ன இப்படி வருது?"

இந்த நோயாளிகள் சாக்குச் சொல்வார்கள் என்று நான் படித்திருந்தேன். படித்த திமிர், வேறென்ன. இடப்பக்கக் கவனம் திரும்பவில்லை, தனியாக விடவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே அவர் வீடு பூட்டப்பட்டது.

பத்து நாள் கழித்து, கண்ணாடியைத் துடைத்தவள் சும்மா மாட்டிப் பார்த்தேன். அதுவரை அந்தத் தெருவில் நான் ஒருநாளும் நடந்ததில்லை. வலப்பக்கம் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, இறங்கினேன். இடப்பக்கமிருந்து வந்த கார் என்னை அடித்துப் போட்டது. கண்ணாடி செய்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன, நம் ஊரில் இடப்புறம். கம்பம் ரோட்டைக் கடந்து பழகிய யார் இறங்கினாலும் அடிபடுவார்கள். எனக்கு எந்த நோயும் இல்லை.

மகனுக்குப் போன் போட்டு, தப்பு கண்ணாடியில்தான் என்றேன். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, இனி அதெல்லாம் எதற்கு என்றார். பிறகு நர்சம்மாவிடம் கொடுத்தார்.

"நான் சொன்னப்பவே உங்க ஆஸ்பத்திரி டாக்டரும் சிரிச்சாக. நீ அதுல நடந்து பாத்தியா, பாப்பா?"

"பாத்தேம்மா. அடிபட்டேன்."



"எங்கனயும் நோகலையே?" என்றார்.

அந்தக் கேள்வி இன்றும் என்னை உட்காரவிடுவதில்லை. கண்ணாடி பழசாகி அலமாரியில் கிடக்கிறது. யாரும் மாட்டுவதில்லை, நான்தான் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். பட்டையின் தையலுக்குள் விபூதி இன்னும் இருக்கிறது. அதைத் துடைக்க எனக்குக் கை வருவதில்லை.