பேசக் கூடாத ரயில்

விழுப்புரத்தில் ரயில் நிற்கிறது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, இப்போது ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் என் மகளை அழைக்கிறேன். அவளுடைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் படிவத்தை ஒரு பிழையும் இல்லாமல் நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். அவள் குரலைக் கேட்டு மூன்று வாரமாகிறது.

அழைப்பைத் துண்டிக்கிறாள். ‘ரயிலில் இருக்கிறேன்’ என்று செய்தி வருகிறது.

ஜன்னலோரம் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் பெண் விசாரிக்கிறாள். “இன்னா சார், போன கட் பண்ணிட்டாங்களா?”

“என் பொண்ணு ஜப்பான்ல இருக்கா. அங்க ரயில்ல யாரும் போன் பேச மாட்டாங்கம்மா. பேசினா மரியாதைக் குறைவு.”

“ஐயே, வாய மூடிக்கினு எப்படி சார் ஊரு போய்ச் சேர்றது?”

நியாயமான கேள்வி. என் பெட்டியில் ஒருவர் தம் மூல வியாதியைத் திண்டிவனம் வரை கேட்கும்படி கைபேசியில் விவரித்துக்கொண்டிருக்கிறார்.

கைபேசி ஒலிக்கிறது.

“அப்பா, உங்ககிட்ட பேசறதுக்காக நடுவுல ஒரு ஸ்டேஷன்ல இறங்கிட்டேன்.”

விசா, வரி, காப்பீடு என்று வரிசையாக விசாரிக்கிறேன்.

“அப்பா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க. அங்க கேக்குற சத்தத்தைக் கேட்டுக்கறேன்.”

கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறேன். ரயில் நகர்கிறது.

“சார், போன உள்ள எடுங்க, எவனாவது புடுங்கிக்கினு ஓடிடுவான்!” அந்தப் பெண் கூடவே ஓடிவந்து கத்துகிறாள்.

நான் கையை மடக்கவில்லை.