பாழ் போன வீடு

கல்யாணமான புதிதில் செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். நான் அடித்த தாளில் ஒரு புள்ளிகூடப் பிசகாது என்று அவரே நாலு பேரிடம் சொல்லுவார். அந்தக் கர்வத்தோடுதான் எனக்குப் பிடித்த பாடலாசிரியரின் பாட்டுகளையும் ரேடியோவில் கேட்டுக் கேட்டு எழுதி, டைப் அடித்து, பைண்டு செய்து வைத்திருந்தேன். அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, அவரே பாடுவார். அவருக்கு ஏழெட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் மாமல்லபுரத்தில் பாடப்போகிறார் என்று தெரிந்ததும் மனைவியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். துணைக்குத்தான் கூப்பிட்டேன். அவள் அடுப்படியில் நின்றபடி அந்தப் பாட்டுகளை முணுமுணுப்பாள், அவ்வளவுதான்.

கடற்கரைக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை. அறுபது பேர் இருப்போம். மைக் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். குரல் ரேடியோவில் கேட்டதைவிடக் கரகரப்பாக இருந்தது. முதல் பாட்டிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு முன்னால் ஒருவன் தலையை ஆட்டி ஆட்டி ரசிக்க, இவனுக்கு என்ன தெரியும் என்று எரிச்சல் வந்தது.

நாலாவது பாட்டின் நடுவே அவர் நின்றுவிட்டார். அடுத்த வரி மறந்துபோயிற்று. கம்பிகளை மீட்டியபடியே எங்களைப் பார்த்துச் சிரித்தார். இதற்காகத்தான் பிறந்தேன் என்பதுபோல எழுந்து நின்று கத்தினேன்: “பாழ் போன வீட்டுக்குள்ளே அணையாத விளக்கு!”

அவர் புருவத்தைச் சுருக்கினார். “இல்லியே…” என்றார்.

என் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. “ஆள் போன வீட்டுக்குள்ளே.”

“அதான்!” என்று அவர் கிட்டாரைத் தட்டினார். “அம்மா சொல்றதுதான் சரி.” மீதிப் பாட்டை அவளைப் பார்த்தே பாடி முடித்தார்.

நான் எப்போது உட்கார்ந்தேன் என்று ஞாபகமில்லை. அதற்குப் பிறகு அவர் பாடிய எதுவும் என் காதில் ஏறவில்லை.

முடிந்ததும் அவர் நேராக அவளிடம் வந்தார். எந்த ஊர், பாட்டு எழுதுவீர்களா என்று விசாரித்தார். “எனக்கு இன்னாங்க தெரியும்? அவருதான் உங்க பாட்டெல்லாம் எழுதி வச்சிகினு கீறாரு” என்று அவள் என்னைக் காட்டினாள். “அப்படியா, சந்தோஷம்” என்றார் என்னிடம். வருஷக்கணக்காக நான் சேர்த்து வைத்திருந்த பேச்சை எங்கே தொடங்குவது என்று தேடினேன். அதற்குள் யாரோ அவரை அழைத்துப் போய்விட்டார்கள்.

பெண்டாட்டியிடம் இன்னொருவர் சிரித்துப் பேசினால் புருஷனுக்கு யார்மேல் பொறாமை வரும்? எனக்கு அவர்மேல் வரவில்லை. அவள்மேல் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. நான் நின்றுகொண்டே வந்தேன்.

“இடம் கீதுங்களே, குந்துங்க.”

“வேணாம்.” திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. “ரேடியோல ‘பாழ் போன’ன்னுதான் கேக்குது.”

“பாழ் போன வூட்ல எவங்க வெளக்கு ஏத்துவான்?” என்றாள். “ஆளு பூட்டான், அவ காத்துகினு கீறா. அதுதானே பாட்டு?”

அத்தனை வருஷமும் நான் அந்தப் பாட்டை எழுதி மட்டுமே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் கோபம் இன்னும் கூடிற்று. “இனிமே வூட்ல அந்தாளு பாட்டப் பாடாத” என்றேன். சொன்னபடியே அவள் நிறுத்திக்கொண்டாள். பத்து நாள் அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். பதினோராம் நாள் நானே போய், “பாடேன்” என்று கெஞ்சினேன். “தோணும்போது பாடறேன்” என்றாள்.

மறு வருஷம் அவர் மெட்ராசில் பாடினார். அவளைக் கூப்பிட்டேன். “நீங்க போய்ட்டு வாங்க, நான் வந்தா உங்களுக்குக் கேக்க முடியாது” என்று சிரித்தாள். தனியாகப் போனேன். ஒரு வரி விடாமல் கேட்டேன். முடிந்து வெளியே வரும்போது அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, கூட்டத்தை விலக்கி என் அருகே வந்தார். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“உங்க வீட்டம்மா வரலியா?” என்று கேட்டார்.

அதை அவளிடம் சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று.