ரெஜிபோமில் ஒரு பணிக்கூற்று

நான் இருக்கும் நோர்வே ஊரில் சவர்க்காரப் போத்தலுக்குக்கூட வாழ்க்கையில் ஒரு நோக்கம் இருக்கிறது. ஒருநாள் கை கழுவும்போது அதன் முதுகைத் திருப்பி வாசித்தேன். மனிதரை மீண்டும் இயற்கையோடு சேர்த்துவைப்பதற்காகவே தாங்கள் இருப்பதாக எழுதியிருந்தார்கள். பேக்கரிக்காரர் தான் ஏன் பாண் சுடுகிறார் என்பதைப் பாண் பையில் விளக்குகிறார். முடிவெட்டும் கடையில் விலைப்பட்டியலுக்கு மேலே அவர்களுடைய விழுமியங்கள் தொங்குகின்றன. மன்னார்ப் பட்டினத்தில் சலூன்காரர் எதற்காகக் கடை திறந்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. தலைமயிர் வளர்ந்தால் போனோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பதினைந்து வருடம் நோக்கமே இல்லாமல் காலம் தள்ளிவிட்டேன். போன வசந்தத்தில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

என் தொழில் ரெஜிபோமில் எழுத்து வெட்டுவது. தொலைக்காட்சி உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் வைப்பார்களே, அந்த வெள்ளைப் பொருள். இங்கே ஈசொபூர் என்பார்கள். சூடான கம்பியால் அதில் பெயர்களை வெட்டி, பொன்நிறம் பூசி, பூவும் துணியும் வைத்து மேடைக்குப் பின்னணி செய்வேன். பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு, தேவாலயத்து முதல்நன்மை, ஐம்பதாவது பிறந்தநாள் என்று எதற்கும் இந்தப் பக்கத்துத் தமிழர்கள் என்னிடம்தான் வருவார்கள். மீன் ஆலை வேலையில் தோள்மூட்டு பழுதான பிறகு எனக்கு மிஞ்சியது இந்தக் கம்பிதான். வேலையை எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில் செய்துவந்தேன். வெள்ளைத் துகள் படிக்கட்டெல்லாம் பறக்கிறது என்று குடியிருப்போர் சங்கம் மாத முடிவுக்குள் வெளியேறச் சொல்லிவிட்டது. இடம் இல்லாவிட்டால் தொழிலும் இல்லை. துறைமுகத்தில் கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தைக் கொம்மூன, அதாவது எங்கள் நகரசபை, கலைத்தொழில் செய்பவர்களுக்கான இல்லமாக மாற்றியிருந்தது. அங்கே ஓர் அறைக்கு விண்ணப்பித்தேன். எல்லாம் சரி, எதற்காக இந்தத் தொழில் என்று சொல்லும் பணிக்கூற்று மட்டும் இல்லை என்று பதில் வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணிக்கூற்றுகளை என்னைவிட அதிகமாகக் கையால் தொட்டவன் இருக்கமாட்டான். எங்கள் நாட்டில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் தூரநோக்கு, பணிக்கூற்று என்று சுவரில் இரண்டு இருக்கும். கதிரையில் அலுவலர் இருப்பாரோ தெரியாது, சுவரில் அவை இருக்கும். மன்னார்ப் பள்ளிமுனையில் நானும் என் மனைவியின் தம்பி ஜெராட்டும் கந்தோர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அவற்றை வெட்டிக் கொடுத்தோம். அர்த்தம் பார்த்ததில்லை; சுழி எத்தனை, கொம்பு எத்தனை என்றுதான் பார்ப்போம். ஒருமுறை ஒரு நிறுவனத்தின் திறப்புவிழாவுக்கு வெட்டி, நிறம் காயட்டும் என்று முற்றத்தில் பரப்பியிருந்தோம். விடிய எழும்பிப் பார்த்தால், தெருக்கழுதை ஒன்று ‘நிலைபேறான’ என்ற சொல்லை மட்டும் மிதித்து நொறுக்கிவிட்டுப் போயிருந்தது. கையில் வேறு ரெஜிபோம் இல்லை. மிச்சச் சொற்களை நெருக்கி ஒட்டிவிட்டோம். பணிப்பாளர் வந்தார், நாடா வெட்டினார், அதன் கீழேயே நின்று நிலைபேறான அபிவிருத்தியைப் பற்றி அரைமணிநேரம் பேசினார். இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தக் கைப்பழக்கத்தில், வாடிக்கையாளர் தேவைகளை வினைத்திறனாகவும் விளைதிறனாகவும் நிறைவேற்றிச் சுபீட்சமான சமூகமொன்றைக் கட்டியெழுப்புதல் என்று நோர்வேஜிய மொழியில் எழுதி அனுப்பினேன். கொம்மூன ஆலோசகர் இங்கிரிட் என்னைக் கூப்பிட்டார். நல்ல பெண். நான் எதைச் சொன்னாலும் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்பார்.

“இதில் நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டார்.

“கீழே, கையொப்பத்தில்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “உன்னுடைய வுர்ஃபொர் என்ன? காலையில் உன்னை எழுப்புவது எது?” என்றார். வுர்ஃபொர் என்றால் ஏன். மனைவி ஆறுமணி வேலைக்குப் போகும்போது கதவைச் சாத்தும் சத்தம் என்று உள்ளதைச் சொன்னேன். ‘குடும்பம்’ என்று குறித்துக்கொண்டார். நான் நிறுத்திவிட்டால் உலகம் எதை இழக்கும் என்றும் கேட்டார். பதினான்காம் திகதி சிவாவின் மகளுக்குச் சடங்கு என்றேன். அதை அவர் குறிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஊரில் இருக்கும் ஜெராட்டுக்கு அழைப்பு எடுத்தேன். அவன் இப்போது கணினியில் ஓடும் வெட்டுமெசின் வாங்கி என்னைவிட நன்றாக இருக்கிறான்.

“நாங்கள் ஏன் ஜெராட் இந்த வேலை செய்தனாங்கள்?”

“உங்களுக்கென்ன விசரோ அத்தான்? ஆக்கள் கேட்டவை, வெட்டிக் குடுத்தனாங்கள்.”

“அது காணாதாம். மனசுக்குள்ள இருந்து வரோணுமாம்.”

“அப்ப சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கோ” என்றான்.

பின்னால் இருந்து அவனுடைய தாய், என் மாமி, கைபேசியை வாங்கினார். “அங்க அன்ரனியின்ர பிள்ளையின்ர முதல்நன்மைப் படம் பாத்தனான் தம்பி. கண்ணாடி போடாமலே பேர் தெரிஞ்சது” என்றார். மண்டபத்தில் இருப்பவர்களுக்கு ஓரடி எழுத்துப் போதும். நான் எப்போதும் இரண்டடிக்கு வெட்டுகிறேன். இங்கே வரமுடியாமல், ஊரில் கைபேசித் திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பவர்களுக்காகத்தான் வெட்டிவந்திருக்கிறேன். இத்தனை வருடம் செய்தும் அது அன்றைக்குத்தான் எனக்கே பிடிபட்டது.

மறுநாள் இங்கிரிட்டிடம் இதை அப்படியே சொன்னேன். அவருடைய கண்கள் விரிந்தன. “அப்படியானால் உன் சந்தை வெளிநாட்டில். ஏற்றுமதி!” என்றார். படம் மட்டும்தான் போகிறது, எழுத்து விழா முடியக் குப்பைக்குப் போய்விடும் என்றேன். அவருடைய முகம் வாடிவிட்டது. ஈசொபூர் கடலுக்குக் கேடு, ஆகவே நிலைபேறு என்ற சொல் கட்டாயம் வேண்டும் என்றார். அந்தச் சொல்லுக்கும் கழுதைக்கும் உள்ள உறவை விளக்க என் நோர்வேஜியம் போதவில்லை. கடைசியில் அவரே எழுதினார்: “மறுபயன்பாட்டுப் பொருட்களால் பண்பாடுகளுக்கிடையே நிலைபேறான பாலங்களைக் கட்டுகிறோம்.” நான் மன்னார்த் தீவில் பிறந்தவன். பாலம் என்றால் எனக்குப் போர்க்காலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி இராணுவத்துக்கு அடையாள அட்டையைக் காட்டிய இடம். ஆனால் மாத முடிவுக்கு நான்கு நாள்தான் இருந்தது, கையொப்பமிட்டேன். அறை கிடைத்த சந்தோஷம் உண்மை. மாமியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லாதது வலித்ததும் உண்மை.

அந்த இல்லத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பணிக்கூற்றை அறை வாசற்சுவரில் வைக்கவேண்டும் என்பது விதி. பழைய பெட்டிகளின் ரெஜிபோமில் நானே வெட்டினேன், வழக்கம்போல இரண்டடிக்கு. ஒட்டிமுடித்துப் படம் எடுத்து மாமிக்கு அனுப்பினேன். நோர்வேஜிய மொழி தெரிந்தவர்கள் நடைபாதையில் நிமிர்ந்து பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளுக்கு அந்த மொழி தெரியாது.

மாமியே அழைத்தார். “எழுத்து நல்ல வடிவு தம்பி. என்ன போட்டிருக்கு?”

பாலத்தையும் பண்பாட்டையும் வாய்வரை கொண்டுவந்து விழுங்கினேன். “நல்வரவு எண்டு போட்டிருக்கு மாமி.”

இங்கே வர இரண்டு தரம் வீசாவுக்கு விண்ணப்பித்து இரண்டு தரமும் மறுப்புக் கடிதத்தோடு திரும்பியவர் மாமி.

“சுவரில போட்டது நல்லதுதான்” என்றார். “அவையை என்ர பாஸ்போட்டிலயும் ஒருக்காப் போடச் சொல்லுங்கோ.”

“ஓம் மாமி, சொல்லுறன்” என்றேன்.