மன்னிப்பு மேடமும் ஒற்றை நட்சத்திர அக்காவும்

அலுவலகத்தில் அவளுக்கு மன்னிப்பு மேடம் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கைப்பேசியில் எடுத்த படத்தைப் பழைய ஃபிலிம் ரோலில் எடுத்த படம் போல மாற்றித் தருகிற செயலி ஒன்றை அந்தக் கம்பெனி நடத்துகிறது. ஒரு ஃபில்டரைத் தட்டினால் போதும், இன்று காலை எடுத்த படம் பல வருஷம் அலமாரியில் கிடந்த மாதிரி வெளிறி, புள்ளி தட்டி, ஓரத்தில் செம்மஞ்சளாக வெளிச்சம் கசிந்து வெளியே வரும். காசு கொடுத்துப் புதுப் போன் வாங்கி, அதில் எடுத்த படத்தைப் பழசாக்கிப் பார்க்க யார் ஆசைப்படுவார்கள் என்று கேட்காதீர்கள். ஊர் உலகமே ஆசைப்படுகிறது. ஆசைப்பட்டு இறக்கிக்கொண்டவர்கள் சும்மா இருக்கிறார்களா? நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதுகிறார்கள். அந்தக் கருத்துகளுக்குப் பதில் எழுதுவதுதான் மேடத்தின் வேலை.

கருத்து என்றால் சாதாரணக் கருத்தா? "படமெல்லாம் புள்ளி புள்ளியா வருது. கேமராவுக்குள்ள மண்ணு போயிடுச்சுன்னு கடையில குடுத்துப் பிரிச்சுப் பார்த்துட்டேன். யார் பொறுப்பு?" என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருப்பார். "ஃபில்டர் எல்லாம் அருமை, ஆனா என் மூக்கு அப்படியேதான் இருக்கு" என்று ஒரு பெண் இரண்டோடு நிறுத்திக்கொள்வாள். இன்னொருத்தி, "இதுல எங்க மாமியார் முகம் சரியா தெரியல, ரொம்ப நன்றி" என்று ஐந்தையும் அள்ளிக் கொடுப்பாள். ஒரு மகராசன் மூன்று போட்டுவிட்டு, "இன்னும் இறக்கல. இறக்கிப் பார்த்துட்டு மாத்துறேன்" என்று எழுதியிருந்தார். இன்றுவரை மாற்றவில்லை. "படம் நல்லா வருது. பார்க்கத்தான் ஆளில்ல" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்ததை மேடம் மறுபடி மறுபடி படித்தாள்.

எல்லோருக்கும் அவள் மன்னிப்புக் கேட்பாள். அதற்கென்று கம்பெனி எழுதிக் கொடுத்த வாசகங்கள் இருந்தன. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று குழையக் குழைய ஆரம்பிக்க வேண்டும். எந்த இடத்திலும் "நான்" வரக் கூடாது, எப்போதும் "நாங்கள்"தான். தப்பு நடந்தது என்று ஒப்புக்கொள்ளவும் கூடாது. சிரமம் ஏற்பட்டது என்று மட்டும்தான் சொல்லலாம். யார் ஏற்படுத்தினார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

நாள் முழுக்க இப்படி முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வருந்திவிட்டு வீட்டுக்கு வருகிறவளிடம் மிச்சம் என்ன இருக்கும்? வீட்டில் அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவர் செய்கிற தப்புக்கெல்லாம் பிரேக் போட்டே பழகிய மனிதர். மனைவியின் குரல் ஏற ஆரம்பித்தால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவர் வலது கால் தானாகவே தரையை மிதிக்கும். வண்டி நின்றதில்லை.

சண்டை அக்காவோடுதான் வந்தது. அக்கா பல காலம் யாரோ ஒருவருடைய கடையில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தவள். ஒருவழியாகச் சொந்தமாக ஒரு திரைச்சீலைக் கடை திறந்தாள். வாசலிலிருந்து உள்சுவர் வரை மயில் நீலம், மாதுளைச் சிவப்பு, இலைப் பச்சை என்று துணி துணியாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு மடிப்பையும் கையால் நீவி வைத்திருந்தாள். திறந்த அன்று படம் எடுக்கிற பொறுப்பைத் தங்கை தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாற்காலி மேல் ஏறி எடுத்தாள், தரையில் குந்தி எடுத்தாள், வந்தவர்களை நகரச் சொல்லி எடுத்தாள். எடுத்ததையெல்லாம் தன் கம்பெனியின் செல்லப் பிள்ளையான "பழைய வெயில்" என்ற ஃபில்டரில் போட்டு, அக்காவைக் கேட்காமலே கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றியும் விட்டாள்.

மறுநாள் காலை கடைக்கு வந்த முதல் ஆள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இதுதான்: "படத்துல பார்த்தேன். சாயம் போன சரக்கெல்லாம் எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?"

அக்கா கொதித்துப்போய்ப் போன் செய்தாள். அப்போதே ஒரு வார்த்தை "தப்புதான்க்கா" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்வாளா? "அதுக்குப் பேரு ஃபிலிம் லுக். உனக்கு ரசனை இல்லன்னா நான் என்ன பண்றது?" என்றாள். அக்கா போனை வைத்தவள்தான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்தான்.

"உன் அக்காவ வழியில பார்த்தேன்" என்பார்.

"நான் கேட்டேனா?"

"கேக்கல."

பாத்திரத்தை நங்கென்று கழுவி வைப்பாள். பிறகு, "இளைச்சிருக்காளா?" என்று முதுகைக் காட்டியபடியே கேட்பாள். அந்த முதுகைப் பார்த்தாலே அவருக்குப் பாவமாக இருக்கும்.

இப்படி மாதங்கள் ஓடின. ஒருநாள் காலை மேடம் வழக்கம்போல வருந்த உட்கார்ந்தபோது, புதிதாக வந்த கருத்துகளில் ஒன்று அவள் முகத்தில் அறைந்தது.

"கடை திறந்த அன்னிக்கு எடுத்த படத்தை இந்த ஆப்ல போட்டு என் கர்ட்டன் எல்லாத்தையும் சாயம் போக வச்சுட்டாங்க. இதைச் செஞ்சவங்க இங்கதான் வேலை பார்க்குறாங்க. ஊருக்கெல்லாம் மன்னிப்பு கேக்குறது அவங்கதான். எனக்கு இன்னும் கேக்கல. ஒரு ஸ்டார். அதுக்குக் கீழ குடுக்க வழி இல்ல, இருந்தா குடுத்திருப்பேன்."

முகத்தில் ஈயாடவில்லை. சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

விட்டுக்கொடுப்பாளா? "அன்பான பயனரே, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். செயலியை ஒருமுறை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பார்க்கவும்" என்று தட்டி அனுப்பினாள். மத்தியானத்துக்குள் அக்கா தன் கருத்தைத் திருத்திவிட்டாள். "நீக்கிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். தங்கச்சி மாறல."

மேடம் அடுத்த வாசகத்தை எடுத்தாள். "தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்."

"முக்கியம்னா போன் பண்ணலாமே. நம்பர் அதேதான்" என்று வந்தது.

படிக்கிறவர்களுக்கு இது சர்க்கரையாக இனித்தது. செயலியை இறக்க வந்தவர்கள் இறக்குவதை விட்டுவிட்டு, அக்காவின் கருத்துக்குக் கீழே "பயனுள்ளது" என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்கள். அழுத்த அழுத்த அது மேலே மேலே ஏறி, நாலைந்து நாளில் செயலியின் பக்கத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற இடத்துக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. மேடத்தின் குழுத் தலைவர் வயதில் சின்னவர். இரண்டு காதிலும் எப்போதும் எதையாவது செருகிக்கொண்டிருப்பவர். அன்று இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேடத்தின் மேஜைக்கு வந்தார்.

"மேடம், அது உங்க அக்கான்னு சொல்றாங்க..."

"ஆமா."

"ஒரு போன் போட்டுப் பேசி முடிச்சுடுங்களேன்."

"போன் பண்ணா நான் தோத்த மாதிரி ஆயிடும், சார்."

"இப்ப மட்டும் என்ன மேடம், நாம ஜெயிச்சுக்கிட்டா இருக்கோம்?"

மேடம் வீம்புக்கு இன்னொரு வாசகத்தை எடுத்து ஒட்டினாள். "தாங்கள் பயன்படுத்தும் கைப்பேசி எது என்பதைத் தெரிவித்தால் எங்களால் உதவ முடியும்."

அதற்கு அக்காவின் திருத்தம் உடனே வந்தது. ஒரே வரி. "நீ வாங்கிக் குடுத்த போன்தான். வேற எது?"

இதைப் படித்து அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒட்டுவதற்கு எடுத்த அடுத்த வாசகத்தை மேடம் மூடிவிட்டாள். அத்தனை கோபத்திலும் அக்கா அந்தப் போனைத் தூக்கிப் போடவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் தன்னை இத்தனை நாளாகத் திட்டியிருக்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனபின் மேடம் தன் போனில் கடை திறந்த அன்றைய படங்களைத் தேடி எடுத்தாள். ஃபில்டர் போடாத அசல் படங்கள். எடுத்த நாளோடு சரி, அதற்குப் பிறகு அவற்றை அவள் திறந்ததே இல்லை. மயில் நீலம் கண்ணைப் பறித்தது. மாதுளைச் சிவப்புத் துணியின் மடிப்பில் அக்காவின் கை, நீவிக்கொண்டே பாதியில் நிற்கிறது. அக்கா கேமராவைப் பார்க்கவில்லை, தன் துணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு சிரிப்பை எங்கே வைத்திருந்தாள் இவள்? அன்று முழுக்க எதிரிலேயே நின்றும் இது தன் கண்ணில் படவில்லையே என்று மேடத்துக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பதில் பெட்டியைத் திறந்தாள். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மன்னிப்புக் கேட்டவளுக்கு இப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதியதில் பழக்கதோஷத்தில் "வருந்துகிறோம்" வந்து விழுந்தது. சீ என்று அதையும் அழித்தாள். கடைசியில் பேசுகிற மாதிரியே தட்டினாள்.

"அக்கா, தப்பு என்னோடது. கம்பெனியோடது இல்ல, ஃபில்டரோடது இல்ல, என்னோடது. அன்னிக்கு உன் கடைய நான் பார்க்கவே இல்ல. என் ஃபில்டர் எவ்வளவு நல்லா வருதுன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் பார்த்தேன். ரொம்ப அழகா இருக்குக்கா உன் கடை. மன்னிச்சுடு."

யோசித்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரிந்து, யோசிக்காமல் அனுப்பிவிட்டாள்.

குழுத் தலைவர் பாதிச் சாப்பாட்டில் ஓடிவந்தார். "மேடம், 'என்னோடது'ன்னு போட்டிருக்கீங்க! தப்புன்னு வேற ஒத்துக்கிட்டிருக்கீங்க! ஃபில்டர் போட்டது தப்புன்னு நாமளே சொன்னா எப்படி மேடம்? தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

மேடம் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். "எடுக்க மாட்டேன். வேணும்னா என்னை எடுத்துடுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் மேஜை மேலிருந்த போன் அதிர்ந்தது. அக்கா. மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுங்க மேடம், எடுங்க" என்று குழுத் தலைவர்தான் பதறினார்.

"படிச்சேன்" என்றது அக்காவின் குரல். "ரெண்டா மாத்திட்டேன். அதுக்கு மேல அந்த ஃபில்டர் தாங்காது."

மேடத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் எதுவும் ஒழுங்காக வெளியே வரவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"அழாத. நான் சொல்றதக் கேளு. நான் கோவிச்சுக்கிட்டது சாயத்துக்குன்னா நினைச்ச? துணிய நேர்ல வந்து பார்த்தா சாயம் தெரிஞ்சுட்டுப் போகுது. அந்தப் படத்தையெல்லாம் நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் தெரியுமா? ஊர்ல இருக்கிறவங்க எல்லாரும் இருக்காங்க. பக்கத்துக் கடைக்காரன் இருக்கான், அவன் சைக்கிள் இருக்கு. நீ ஒண்ணுலகூட இல்லடி."

மேடம் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். உண்மைதான். எல்லாப் படத்தையும் எடுத்தவள் எந்தப் படத்திலும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அக்கா மட்டும் தேடியிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை கடைய மறுபடி ஒருதடவை புதுசா தொங்கவிடப் போறேன். காலையிலயே வந்துடு. படம் நான் எடுப்பேன், நீ அந்த நீலக் கர்ட்டன் பக்கத்துல நிக்கணும்."

"வரேன்க்கா."

"தலைய ஒழுங்கா சீவிக்கிட்டு வா. நான் ஃபில்டர் எல்லாம் போட மாட்டேன்."