இடதுபக்க சீட்

கல்யாணமாகி எத்தனையோ வருஷமாக எங்கள் காரில் என் இடம் இடதுபக்க சீட்தான். ஒரு தடவை உடுமலைப்பேட்டையில் என் அக்கா வீட்டு விசேஷத்தில், "நானும் ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கணவரிடம் ஆசையாகக் கேட்டுவிட்டேன்.

"இதென்ன கேஸ் அடுப்பா, திருகுனா பத்திக்கறதுக்கு? உனக்கென்ன தெரியும், கம்முனு உக்காரு" என்றார். பந்தலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் அக்காவும்தான்.

அன்று திரும்பி வரும்போது ரோட்டைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களைத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அதே வேலை. கிளட்சை எவ்வளவு மெதுவாக விடுகிறார், இன்ஜின் சத்தம் எப்படி மாறும்போது கியர் போடுகிறார், திரும்பும் முன் எந்தக் கண்ணாடியைப் பார்க்கிறார் என்றெல்லாம் கவனித்தேன். வேகத்தடையில் அவர் எப்போதும் பிரேக்கைத் தாமதமாகப் போடுவார். அந்தத் தப்பையும் பார்த்து வைத்துக்கொண்டேன். காய் நறுக்கும்போது மேஜைக்கடியில் என் பாதங்கள் தானாக அழுந்தி எழும்.

அவர் பட்டறைக்குப் போயிருந்த நேரங்களில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வண்டியை எடுத்த முதல் நாளே மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு முன்னால ஓட்டியிருக்கீங்களா அம்மணி?"

"இல்லீங்க. பக்கத்துல உக்காந்திருக்கேன்."

லைசென்ஸ் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

போன வருஷம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். அந்தச் சமயம் பார்த்து எங்கள் தோட்டத்து மோட்டார் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் திருடனுக்குச் சாபம் விழ மிளகாய் அரைத்தே ஆக வேண்டும் என்று அவர் குதித்தார். ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடப் போனவர் முன்னால் லைசென்ஸை நீட்டி, "ஏறுங்க" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஏறினார்.

பொள்ளாச்சி ரோட்டில் அவருடைய வலதுகால், அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

"பஸ்ஸு வருது, பஸ்ஸு வருது!"

"உங்களுக்கென்ன தெரியும், கம்முனு உக்காருங்க" என்றேன். எனக்கு உள்ளே தேன் இறங்கியது போலிருந்தது.

கிணத்துக்கடவு தாண்டி ஒரு லாரியை முந்தினேன். அவர் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு, "பொறுமையாப் போ கண்ணு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கண்ணு என்று அவர் கூப்பிட்டதேயில்லை. ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்கவில்லை.

கோயிலில், "மொளகா நெடி கண்ணுக்கு ஆகாதுங்க, நீங்க வெளிய இருங்க" என்று அவரை உட்கார வைத்துவிட்டு நானே அரைத்தேன். குழவியை இழுக்க இழுக்க அந்தப் பந்தலும் சிரிப்பும்தான் நினைவில் வந்தன. ஒயர் திருடனை நினைக்கவே மறந்துபோனேன். கை எரிய எரியத்தான் வீடு வரை ஓட்டி வந்தேன்.

அவருடைய கண் எப்போதோ சரியாகிவிட்டது. தனியாகப் போகும்போது அவரே ஓட்டிக்கொள்கிறார். இருவரும் சேர்ந்து கிளம்பினால் நான் முதலில் போய் வலதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறேன். அவர் சற்று நேரம் வெளியே நின்று பார்ப்பார். பிறகு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவார்.