ஆறாவது பெயர்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே அந்த பேனரைக் கட்டிய அன்று, திலகா கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாட்டுக்காக உயிர் கொடுத்த நம் பகுதி வீரர்களின் நினைவாக அரை மாரத்தான், இருபத்தொரு கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எழுத்துக்குக் கீழே ராணுவத் தொப்பியோடு ஐந்து முகங்கள். வேன் நகர்வதற்குள் ஐந்தையும் பார்த்துவிட்டாள். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள். அவள் தம்பி பீட்டர் அதில் இல்லை.

அன்று முழுக்க அவள் மிஷினில் தையல் கோணிக்கொண்டே போனது. செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷமாக மேல்தோல் தைக்கிறவள் அவள். சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து நின்று பார்த்துவிட்டு, முகத்தைக் கண்டு திரும்பிப் போனான்.

பீட்டரை வளர்த்தது திலகாதான். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா ஆண்டாளம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். திலகா பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரி. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது, ஓட்டமும் நின்றது. பிறகு பீட்டர் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று ஆரம்பித்தான். முதல் தடவை ஆள் எடுப்பில் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓடி முடிக்க முடியாமல் திரும்பி வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். மறுநாள் விடிகாலை திலகா அவனை எழுப்பி ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, வெறுங்காலோடு அவன் முன்னால் ஓடினாள். அவளை முந்த அவனுக்கு நாலு மாதம் ஆனது. முந்திய அன்று, "யக்கா, நீ வேணும்னே விட்டுக் குடுத்தியா?" என்று கேட்டான். "போடா, மூச்சு வாங்குது," என்றாள். அடுத்த ஆள் எடுப்பில் தேறிவிட்டான்.

பட்டாளத்தில் அவன் லாரி ஓட்டினான். மூன்று வருஷத்துக்கு முன்பு வடகிழக்கு மலையில் அடைமழை. மேலே இருந்த முகாமுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போனபோது பாதை சரிந்து லாரியோடு பள்ளத்தில் விழுந்தான். வயது இருபத்தாறு. பெட்டியின் மேல் கொடி போர்த்தி வந்தது. வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுட்டார்கள். அதன் பிறகு ஊர் அவனை மறந்ததில் அவளுக்கு வியப்பில்லை. ஆனால் நினைவு ஓட்டம் என்று பேர் வைத்துவிட்டு மறந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஓட்டக் குழுவின் தலைவர் அரவிந்தன் பெருநகர் கிராமத்துப் பக்கம் அரிசி மில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திலகா அங்கே போய் நின்றாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"இன்னாமா?"

"பேனர்ல என் தம்பி பேரு இல்ல சார். பீட்டரு. ஏரிக்கரை காலனி."

"அது சண்டையில போனவங்களுக்குமா. ஒன் தம்பி டிரைவரு. ஆக்சிடென்ட் கேஸு."

"மேல கீறவங்களுக்கு சோறு எட்த்துக்கினு போனவன் சார். அது இன்னா, உல்லாசப் பயணமா?"

அரவிந்தன் செல்போனைக் கீழே வைத்தார். "த பாரு, கோவமா பேசாத. அன்னிக்கு நீயும் ஒங்கம்மாவும் வாங்க. முன்னால சேர் போடச் சொல்றேன். ஒரு சால்வ போத்திடலாம்."

"சால்வ வேணாம் சார். பேரு போடுங்க."

"பிளெக்ஸ் அடிச்சாச்சுமா," என்று சொல்லி அவர் எழுந்து மில்லுக்குள் போனார்.

திலகாவுக்கு நாக்கு நுனி வரை ஒன்று வந்தது. அடக்கிக்கொண்டாள். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள். அந்த ஐந்து பேர் வீட்டுக்கும் அரவிந்தன் போவார், உட்காருவார், காபி குடிப்பார். காலனிக்குள் அவர் கார் வந்தது ஓட்டு கேட்க மட்டும்தான். இதை யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள். "நான் ஓடப் போறேன்."

"முப்பத்தாறு வயசுல இன்னாடி ஓட்டம்? பேஜார் பண்ணாத. அவங்க கிட்ட மோதிக்கினு நாம எங்க போறது?"

"எங்கயும் போவல. அவங்க போட்ட ரோட்லதான் ஓடப் போறேன்."

பேரைப் பதிவு செய்தாள். ஏழு வாரம் இருந்தது. வேன் வருவதற்கு முன்பு தினமும் ஏரிக்கரையில் ஓடினாள். வெளிநாட்டுக்காரர்கள் ஓடுவதற்கு ஷூ தைக்கிறவள், கடைவீதியில் கிடைத்த மலிவான ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு ஓடினாள். முதல் வாரம் கால் வீங்கியது. மூன்றாம் வாரம் பெருவிரல் நகம் கறுத்துக் கழன்றது. நிற்கலாம் என்று தோன்றும்போதெல்லாம் "ஆக்சிடென்ட் கேஸு" என்ற குரல் காதில் கேட்கும். கால் தானாகப் போகும்.

ஓட்டத்தன்று காலை பள்ளி மைதானத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். மேடையில் ஐந்து வீட்டாரும் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். அரவிந்தன் மைக்கில் ஐந்து பெயர்களையும் படித்தார். ஒரு நிமிடம் எல்லோரும் தலை குனிந்தார்கள். திலகா மட்டும் குனியவில்லை.

மானாம்பதி ரோட்டில் பத்தரை கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். போகும்போது தெம்பாகத்தான் ஓடினாள். திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் ஷூவில் சிக்கியது. பதினாறாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக்கில் வந்த தொண்டர் ஒருவர், "யக்கா, வண்டில ஏறிக்கோங்க, இன்னாத்துக்குக் கஷ்டம்?" என்றார். அவர்மேல் பாய்ந்துவிடுவாள் போல் பார்த்தாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பாதி நடையும் பாதி ஓட்டமுமாக அவள் வந்து சேர்ந்தபோது மூன்று மணி நேரம் தாண்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் யாருமில்லை.

மைதானத்து வாசலில், ரோட்டுக்குக் குறுக்கே முடிவுக்கோடு. மேலே துணி வளைவு. தொண்டர்கள் கை தட்டி, "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார்கள். கோட்டுக்கு நாலு அடி முன்னால் திலகா நின்றாள்.

"இன்னும் ரெண்டு ஸ்டெப்பு, வாங்கக்கா!"

"வர மாட்டேன்."

மயக்கம் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "ஆறாவது பேரைப் படிங்க. படிச்சாத்தான் தாண்டுவேன்."

அவள் தாண்டாமல் வளைவைக் கழற்ற முடியாது. கழற்றாமல் ரோட்டைத் திறக்க முடியாது. இரண்டு பக்கமும் பஸ் நின்றது. ஹாரன் அலறியது. சனங்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். போலீஸ்காரர் வந்தார். அரவிந்தன் மைக்கோடு வந்தார்.

"இன்னாமா சீன் போட்டுக்கினு கீற? வீரர்களுக்கு மரியாதை பண்ற நாள் இது. அசிங்கப்படுத்தாத."

"யாரு சார் அசிங்கப்படுத்தறது? என் தம்பி செத்தது எந்த நாட்டுக்கு?" அவள் குரல் உடைந்து கத்தலாக வந்தது. "பொட்டிமேல கொடி போத்தி அனுப்ச்சது பட்டாளம். நீங்க யாரு சார் அத உருவறதுக்கு?"

"சண்டையில செத்தவங்களுக்குத்தான்னு அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

அப்போது மேடையிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தாள். மங்கம்மா. பேனரில் மூன்றாவதாக இருந்த தமிழரசனின் தாய். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து திலகாவின் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே நின்றாள்.

"எம் புள்ள எந்தச் சண்டையில செத்தான் அரவிந்தா?"

அரவிந்தன் மைக்கைக் கீழே இறக்கினார்.

"கேம்புல காலைல ஓடிக்கினு இருந்தப்ப நெஞ்சு வலி வந்து வியிந்தான். ஒனக்குத் தெரியும். ஒங்க வூட்டுல எல்லாருக்கும் தெரியும். அவன் படம் எப்பிடி வந்துச்சு? இவ தம்பி படம் எப்பிடி வராம போச்சு? சொல்லு."

மில்லில் திலகாவின் நாக்கு நுனி வரை வந்தது, ஊருக்கே தெரிந்த இந்தச் சேதிதான். செத்துப்போன பிள்ளையை நடுவில் இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இப்போது பெற்றவளே சொன்னாள். மங்கம்மா தோளில் கிடந்த சால்வையை எடுத்து அரவிந்தனின் கையில் திணித்தாள். "அவன் பேர படி. இல்லாட்டி எம் புள்ள பேரையும் அடிச்சுடு."

அரவிந்தன் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார்.

"பீட்டர்."

"எந்த ஊரு?" என்றாள் திலகா.

"சிப்பாய் பீட்டர். ஏரிக்கரை காலனி."

"வயசு இருவத்தாறு."

"வயது இருபத்தாறு," என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

திலகா கோட்டைத் தாண்டினாள். ஓடவில்லை, நடந்துதான் தாண்டினாள். யாரோ மெடல் மாட்டினார்கள். நாலு அடி போனதும் கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமாக வராத அழுகை வந்தது. மங்கம்மா குனிந்து அவள் ஷூவைக் கழற்றினாள். ரத்தத்தில் ஒட்டியிருந்த சாக்ஸைத் தண்ணீர் ஊற்றி மெல்லப் பிரித்தாள்.

"மங்கம்மா, நீ போயி அவ கால..." என்று மேடைப் பக்கமிருந்து ஒரு குரல் ஆரம்பித்தது.

"மூடுடா," என்றாள் மங்கம்மா, நிமிர்ந்து பார்க்காமலே.

மறு வருஷம் பேனரில் ஆறு முகங்கள் இருந்தன. பீட்டரின் படம் மற்றவர்களைவிடச் சிறியது. கீழே, மற்ற யாருக்கும் இல்லாதபடி, "விபத்தில் மரணம்" என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். திலகா அதைப் படித்த அன்றே ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, மங்கம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, பாத்தீங்களா?"

"பாத்தேன். மில்லுக்குப் போவ ஆட்டோ சொல்லிக்கீறேன். நீ பஸ் ஸ்டாண்டாண்ட நில்லு, வந்துக்கினே கீறேன்."