பிளக்கைப் பிடுங்கியது நான்தான்

மண்டபம் என்ற கடலோர ஊரில் கடல்புல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் லேப்டாப்புக்கு சார்ஜ் போட, ஆய்வகத்து ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திரும்பச் செருக மறந்துபோனேன். என்னோடு ஆய்வு செய்யும் செல்வி ஓராண்டாகச் சேகரித்த மாதிரிகள் எல்லாம் கெட்டுப்போயின. மறுநாள் யாரும் பார்க்குமுன் பிளக்கைச் செருகிவிட்டதால், கரண்ட் போயிருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மூன்று நாள் வாயே திறக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவுசெய்த பிறகுதான் அவளிடம் உண்மையையும் அந்த முடிவையும் சொன்னேன்.

செல்வி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாம்பிள மறுபடி எடுத்துக்கலாம்டி. நீ போயிட்டா என்கூட கடல்ல யாரு எறங்குவா? காலைல வா, போட்டுக்குச் சொல்லிவைக்கிறேன்" என்றாள்.

மறுநாள் இடுப்பளவு நீரில் நின்று முதல் மாதிரியை எடுத்தோம். கரையேறியதும் எனக்கு அப்படியொரு பசி. சொல்லாமலே ஊருக்குப் போயிருந்தால், எனக்கு இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே தெரிந்திருக்காது.